பழைய ரயில்வே சாமான்களில் துரு: அறிகுறியைப் பார்த்து அணுகும் முறை

குன்னூரில் ஆண்டின் பாதி நாள் காற்றே நனைந்த துணி போல இருக்கும். மேட்டுப்பாளையத்து வெயிலில் பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு ஸ்க்ரூ ஜாக்கியை இங்கே கொண்டுவந்து திண்ணையில் வைத்தால், ஐப்பசி மழை ஓய்வதற்குள் அதன் மரை முழுவதும் செம்மண் நிறத்துக்கு மாறிவிடும். ஏலத்தில் பழைய இரும்பாக வாங்கிய கை விளக்குகள், ஒற்றைத் தடத்தில் ரயிலுக்கு அனுமதிச் சின்னம் தரும் டோக்கன் கருவிகள், பூட்டுகள், பெயர்ப் பலகைகள் ஆகியவற்றைப் பழுது பார்க்கச் சொல்லி என்னிடம் கொண்டுவருகிறவர்களில் பெரும்பாலோர் துருவால் கெட்ட பொருளைக் கொண்டுவருவதில்லை. துருவை எடுக்கப் போய்க் கெட்ட பொருளைத்தான் கொண்டுவருகிறார்கள். ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு பகுதியிலும் துருவைப் பற்றிப் பேசுமுன் அதன் பக்கத்தில் என்ன உலோகம் இருக்கிறது என்று பார்க்கச் சொல்வேன்.

இது ஓட்டத்திலிருந்து விலக்கப்பட்டு, வீட்டிலோ பள்ளியிலோ காட்சிக்கு வைக்கப்பட்ட பொருள்களுக்கு மட்டும் உரியது. மலை ரயிலில் இன்றும் ஓடும் எதையும், குறிப்பாகக் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் உள்ள பற்சட்டத்தோடும் பிரேக்கோடும் தொடர்புடைய எதையும், பணிமனைக்கு வெளியே ஒருவர் தொடக்கூடாது.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. ஒரு சிறு காந்தம், பித்தளைக் கம்பி பிரஷ், மூங்கில் சீவல், வெள்ளைப் பருத்தித் துணி, மண்ணெண்ணெய், இயந்திர எண்ணெய், கைப்பேசியின் கேமரா. கழற்றுவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். ஏல ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கு எதிரான 1966-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது, பட்டறைக்காரர் ரசீதைக் கேட்டால் அது அவருடைய தற்காப்பு.

## மேலே பழுப்புப் படலம். தொட்டால் விரலில் ஒட்டுகிறது

முதற்காரணம் அது துருவே இல்லை என்பதாக இருக்கலாம். பல ஆண்டுகள் பூசிய எண்ணெய் கெட்டிப்பட்டு, கரிப்புகையும் தூசியும் சேர்ந்து, துருவைப் போலவே பழுப்பாக நிற்கும். வெள்ளைத் துணியில் இரண்டு துளி மண்ணெண்ணெய் விட்டு ஓர் ஓரத்தில் துடைத்துப் பாருங்கள். துணியில் தேன் நிறத்தில் பிசுபிசுப்பாக வந்தால் பழைய எண்ணெய். செங்கல் பொடி போல நரநரவென்று வந்தால் துரு.

எண்ணெய்ப் பிசினாக இருந்தால் மண்ணெண்ணெயே போதும். அதற்கும் அசையாத இடத்தில் நீலகிரித் தைலத்தைத் தடவிக் கால் மணி நேரம் விட்டால் பிசின் இளகிவிடும். இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் பொருள் என்பதால் தைலம் துருவையும் எடுக்கும் என்று சிலர் நம்புகிறார்கள், எடுக்காது. அது பிசினைக் கரைக்கும், அதே வேகத்தில் பழைய வண்ணப் பூச்சையும் இளக்கும். எண்கள் எழுதப்பட்ட இடத்தின் அருகே அதைக் கொண்டுபோக வேண்டாம்.

உண்மையிலேயே மெல்லிய துரு என்றால், இயந்திர எண்ணெயைத் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் ஒரே திசையில் தேய்த்துத் துடையுங்கள். பித்தளை இரும்பைவிட மென்மையானது. துருவைப் பெயர்க்கும், இரும்பைக் கீறாது. உப்புத்தாளை எடுக்காதீர்கள். அது துருவோடு சேர்த்து வார்ப்பின் மேல்தோலையும், கம்மியர் நூறாண்டுக்கு முன் அடித்த எண்ணையும் கொண்டுபோய்விடும்.

## செதில் செதிலாக உரிகிறது. அடியில் குழி தெரிகிறது

முதலில் செதிலை மூங்கில் சீவலாலோ மழுங்கிய பித்தளைத் தகட்டாலோ நெம்பி எடுங்கள். பழைய சிவப்புப் பூச்சு கூடவே உதிர்ந்தால் அது ஈயச் செந்தூரமாக இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த நிலையில் தேய்த்துப் பொடியாக்கக் கூடாது. நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைக் காகிதத்தில் மடித்துத் தனியே ஒதுக்குங்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் சமையலறைப் பக்கம் இந்த வேலையே வேண்டாம். நீராவிக் குழாய்களைச் சுற்றியிருந்த வெண்மையான கயிறோ அட்டையோ தென்பட்டால் அது கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். அதைத் தொடாமல் மூடி வைத்து, அதை அகற்றத் தெரிந்தவரை அழையுங்கள்.

அடுத்த படி சிட்ரிக் அமிலம். ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் போட்டு, தனி இரும்புப் பாகத்தை மட்டும் அதில் மூழ்கவைத்து, அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். இரவு முழுவதும் விட்டால் நல்ல இரும்பும் கரையத் தொடங்கும். எடுத்தவுடன் ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சலவை சோடா கலந்த நீரில் கழுவி, பிறகு மழைநீரில் அலசி, துடைத்து, தலைமுடி உலர்த்தும் கருவியின் சூட்டில் காயவைத்து, சூடு ஆறும் முன்பே எண்ணெய் தடவிவிட வேண்டும். இந்தக் கடைசி வரியில் சொன்னதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். கழுவிவிட்டுக் காபி குடித்து வருவதற்குள் குன்னூர்க் காற்றில் மஞ்சள் படலம் வந்துவிடும்.

அமிலத்தில் ஒருபோதும் போடக்கூடாதவை மூன்று. ஒன்று, ஆணி அடித்து இணைத்த இரட்டைத் தகடு. இடுக்கில் புகுந்த அமிலம் கழுவினாலும் வெளியேறாது, மாதக்கணக்கில் உள்ளிருந்தே தின்னும். இரண்டு, எஃகுச் சுருள்வில். ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, மேலுக்கு மினுங்கிக்கொண்டிருக்கும் வில் சுமை ஏறியதும் ஒடியும். மூன்று, வெள்ளை உலோகம் (வெள்ளீயமோ ஈயமோ மிகுந்த மென்மையான கலவை) ஊற்றிய தாங்கி, அதாவது பேரிங். காந்தம் ஒட்டாத வெண்மையான உட்பூச்சு எங்கே தெரிந்தாலும் அது வெள்ளை உலோகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

குழி ஆழமாக இருந்தால் மின்முறை. நான்கு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், பிளாஸ்டிக் தொட்டி, பழைய இரும்புத் தகடு ஒன்று. துருப்பிடித்த பொருள் எதிர்முனையில், அதாவது கறுப்புக் கம்பியில், தகடு நேர்முனையில். இதை மாற்றிப் போட்டால் பொருள்தான் கரையும், தகடு புத்தம் புதிதாக இருக்கும். எவர்சில்வர் தகட்டைப் பயன்படுத்தவே கூடாது. அதிலிருந்து நச்சுத்தன்மை கொண்ட குரோமியம் நீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு எழும் என்பதால் தொட்டி திறந்த வெளியில் இருக்க வேண்டும், பக்கத்தில் தீக்குச்சி கூடாது, கம்பியைக் கழற்றுமுன் சார்ஜரை நிறுத்த வேண்டும். புதுவகைத் தானியங்கி சார்ஜர்கள் பேட்டரி இணைக்கப்படவில்லை என்று கருதி மின்சாரத்தை நிறுத்திவிடுகின்றன; பழைய வகையே இந்த வேலைக்கு ஏற்றது. பித்தளைப் புஷ், அலுமினியத் தகடு, ஈயப்பற்று எதுவும் ஒட்டியிராத, வெறும் இரும்புப் பாகத்துக்கு மட்டுமே இது. சுருள்வில்லுக்கு அமிலத்தில் சொன்ன தடை இங்கும் உண்டு.

குழியில் எஞ்சும் துருவைக் கறுப்பாக்கி நிறுத்த டானிக் அமிலம் உதவும். கடுக்காயிலும் தேயிலையிலும் இருப்பது இதே வகைச் சரக்குதான். கடுக்காய்க் கஷாயத்தோடு இரும்பு சேர்ந்தால் மை கிடைப்பதும், தேயிலை ஆலையில் ஈரத் தேயிலை பட்ட இரும்பு நீலங்கலந்த கறுப்பாவதும் இதனால்தான். வீட்டுக் கஷாயத்தில் அளவும் தெரியாது, கூடவே பூஞ்சையும் வரும். ரசாயனக் கடையில் வாங்கி, 5 விழுக்காடு கரைசலாக, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை தடவுங்கள். மரையிலும் சுழலும் தண்டிலும் தடவ வேண்டாம்.

தொழில் தெரிந்தவரை அழைக்க வேண்டிய எல்லை: தூக்கவோ தாங்கவோ செய்யும் பொருளில் குழி காணப்பட்டால். ஜாக்கி, கொக்கி, சங்கிலி, கப்ளிங் ஆகியவற்றில் வெடிப்பு இருக்கிறதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. சாய ஊடுருவல் சோதனை செய்யும் பட்டறைகள் கோவையில் உண்டு. சோதிக்காத ஜாக்கியைக் காட்சிக்கு வையுங்கள், காரின் அடியில் வைக்காதீர்கள். வார்ப்பிரும்பு முழுதாகத் தெரிந்தும் கத்தி நுனியில் பென்சில் கரி போல வந்தால் உள்ளே இரும்பு போய்க் கரி மட்டும் நிற்கிறது என்று பொருள். அதைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிடாதீர்கள்.

## நட் அசையவில்லை

இதில் துரு எப்போதும் குற்றவாளி அல்ல. பழைய பிரித்தானியப் பொருள்களில் மரை விட்வொர்த் அளவில் இருக்கும்; மரையின் கோணம் 55 டிகிரி, இன்றைய மில்லிமீட்டர் மரைக்கு 60. மில்லிமீட்டர் ஸ்பேனர் சற்றே தளர்வாக உட்காரும், பலம் கொடுத்தவுடன் நட்டின் முனை மழுங்கும், அதன் பிறகு எந்த ஸ்பேனரும் நிற்காது. எனவே முதல் சோதனை, ஸ்பேனரை மாட்டி ஆட்டிப் பார்ப்பது. ஆடினால் இறக்கி வைத்துவிட்டுச் சரியான அளவைத் தேடுங்கள். மலை ரயிலின் பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவை என்பதால், இந்த மலையில் ஒரே கூடைக்குள் இரண்டு நாட்டு மரைகளும் கலந்து கிடக்கும். ஒரு பொருளில் பொருந்திய அளவு அடுத்ததில் பொருந்தும் என்று நம்ப வேண்டாம்.

இரண்டாவது, மரையின் திசை. இரண்டு பெட்டிகளை இணைத்து இறுக்கும் ஸ்க்ரூ கப்ளிங்கின் ஒரு பாதி வலமரை, மறு பாதி இடமரை. வெளியே தெரியும் இரண்டு மரைச் சரிவுகளையும் எண்ணெய் தடவிப் பாருங்கள். எதிரெதிராகச் சாய்ந்திருந்தால், இடமரைப் பாதியை அவிழ்ப்பதாக நினைத்து நீங்கள் இறுக்கிக்கொண்டே இருந்திருக்கலாம்.

மூன்றாவது, பூச்சு. நட்டின் விளிம்பைச் சுற்றி ஐந்தாறு அடுக்குப் பெயின்ட் இருந்தால் அதுவே பசை போலப் பிடிக்கும். கூர்மையான கத்தியால் விளிம்பில் ஒரு கோடு போட்டாலே சில நட்டுகள் இளகும்.

இவை எல்லாம் இல்லை என்றால்தான் துரு. மண்ணெண்ணெயும் மெல்லிய எண்ணெயும் சரிபாதி கலந்து மரையில் விட்டு, காலை மாலை ஒருமுறை நட்டின் பக்கவாட்டில் மரச் சுத்தியலால் லேசாகத் தட்டி, ஒரு வாரம் பொறுத்திருங்கள். முதலில் இறுக்கும் திசையில் ஒரு நூலளவு, பிறகு அவிழ்க்கும் திசையில். என் கையில் சிக்கியவற்றில் முக்கால்வாசி, ஐந்தாம் நாள் எண்ணெய் கறுத்து வெளியே கசியும் நேரத்தில் அசைந்திருக்கின்றன. அவசரப்பட்டவர்கள் கொண்டுவந்தவை முறிந்த போல்ட்டோடு வந்தன.

சூடு கடைசி வழி. எண்ணெயை முழுவதும் துடைத்த பிறகே சூடு காட்ட வேண்டும். பக்கத்தில் ஈயப்பற்று இருந்தால் 183 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். வெள்ளை உலோகம் 240-ஐ ஒட்டி உருகும். எஃகு வில் 300 தாண்டி நீலம் பாய்ந்தால் அதன் விறைப்பு போய்விடும். இவற்றில் ஒன்று ஒரு சாண் தூரத்தில் இருந்தாலும் அடுப்பைப் பற்றவைக்காமல், லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்று நட்டை அறுத்தெடுக்கச் சொல்லுங்கள். ஒரு நட் போவதால் பொருள் போய்விடாது.

## சுத்தம் செய்த ஒரே வாரத்தில் ஆரஞ்சு நிறத் துளிகள் வியர்க்கின்றன

எளிய காரணம் கழுவியது போதாமை, அல்லது குழாய் நீரில் கழுவியது. மழைநீரில் மீண்டும் அலசி உலர்த்துங்கள்.

புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தது இரண்டாவது காரணம். பித்தளைக் குத்துவிளக்குக்கு நம் வீட்டில் செய்வதை இரும்புக்கும் செய்கிறார்கள். அன்று பளபளக்கும், குழிக்குள் தங்கிய உப்பு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, பொருள் பிறந்த இடம். பாம்பன், ராமேசுவரம், சென்னை போன்ற கடலோரத்தில் பணியில் இருந்த பொருளின் துருவுக்குள் கடலுப்பு ஊறியிருக்கும். மேலே என்ன பூசினாலும், பூச்சைத் தள்ளிக்கொண்டு கடுகளவு துளிகள் எழும். ஊசியால் குத்தினால் உள்ளே மஞ்சள் நீர். இதற்குச் சலவை சோடா கரைத்த நீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, வாரம் ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். நீரில் உப்பு இன்னும் இறங்குகிறதா என்பதை, சிறிது நீரை எடுத்து நைட்ரிக் அமிலத்தால் சோடாவை முறித்த பிறகு விடும் வெள்ளி நைட்ரேட் சொட்டு காட்டிவிடும். கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஐந்து நிமிட வேலை அது. இரண்டு மாதம் மாற்றியும் உப்பு வந்துகொண்டிருந்தாலோ, பொருளில் பித்தளையோ மரமோ பிரிக்க முடியாமல் இணைந்திருந்தாலோ, அருங்காட்சியகப் பாதுகாப்புப் பணியில் பயிற்சி பெற்றவரிடம் ஒப்படையுங்கள். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இதற்கென்றே வேதியியல் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது, அங்கே ஆலோசனை கேட்கலாம்.

## கை விளக்கு: உடல் துரு, வளையம் ஆடுகிறது, கண்ணாடி சுழலவில்லை

நான் செய்த தவற்றிலிருந்து தொடங்குகிறேன். தொடக்க காலத்தில், நிறக் கண்ணாடிகளைச் சுழற்றிச் சிக்னல் காட்டும் ஒரு மூவண்ணக் கை விளக்கைச் சிட்ரிக் அமிலத் தொட்டியில் முழுதாக இறக்கிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் துரு போயிருந்தது. தகட்டின் மேல் இருந்த வெள்ளீயப் பூச்சும் போயிருந்தது. தூக்கியபோது அடித்தட்டு தொட்டியிலேயே தங்கிவிட்டது. அந்த மூட்டில் பாதி துருவும் பாதி ஈயப்பற்றுமாகத்தான் அதுவரை பிடித்திருந்தன. பச்சைக் கண்ணாடி தரையில் விழுந்து மூன்று துண்டானது. அந்த நிறத்தில் அந்த வளைவோடு இன்னொன்று எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

காந்தம் இங்கே ஏமாற்றும். தகரத்தின் உள்ளிருப்பு இரும்பு என்பதால் காந்தம் ஒட்டும். ஆனால் மேலே இருக்கும் வெள்ளீயம்தான் காப்பு. ஆகவே விளக்குக்குத் தொட்டி முறை எதுவும் இல்லை, மின்முறையும் இல்லை. துரு தெரியும் இடத்தில் மட்டும் எண்ணெய் தொட்ட பஞ்சு சுற்றிய குச்சியால், காசளவு காசளவாக வேலை செய்யுங்கள்.

வளையம் ஆடினால் முதலில் மடிப்பு விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். இடுக்கியில் துணி சுற்றி மெல்ல அழுத்தினால் சரியாகும். ஈயப்பற்று விட்டிருந்தால், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் அல்லது தகரக் கொட்டகைக் கம்மியர் மண் அடுப்பில் சூடாக்கும் செப்புக் கட்டியால் பற்றிவிடுவார். எரிவாயு டார்ச்சை நேரே காட்டுகிறவரிடம் கொடுக்காதீர்கள். கண்ணாடி சுழலாவிட்டால் அதை இழுக்கக் கூடாது. சுழல் அச்சின் மேல் மூடியில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய், மறுநாள் இன்னொரு சொட்டு. கண்ணாடிக்கும் தகரச் சட்டத்துக்கும் நடுவே துரு வீங்கியிருந்தால் அது கண்ணாடியை இறுக்கிக்கொண்டிருக்கும். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கும் என்பதால் அந்தச் சட்டத்தைத் திறப்பது நம் வேலை அல்ல.

## மதியம் சுழல்கிறது, காலையில் இறுகிக்கொள்கிறது

இந்த அறிகுறியை மேட்டுப்பாளையத்துக்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். கை பிரேக் சக்கரமோ, டிக்கெட்டில் தேதி குத்தும் கருவியின் கைப்பிடியோ உச்சி வெயிலில் நன்றாக ஓடும். மார்கழிக் காலையில் சிமென்ட் வைத்தது போல நிற்கும். துரு என்று நினைத்துக் கழற்றிவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் தேங்காய் எண்ணெய். அது 24 டிகிரிக்குக் கீழே உறையும். உதகையில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் நாள்களில் கருவிக்குள் அது மெழுகாகவே இருக்கும். பழசானால் காறி, அமிலத்தன்மை ஏறிப் பித்தளையில் பச்சைக் களிம்பையும் உண்டாக்கும்.

சோதனை எளிது: கையை அச்சின் மேல் ஐந்து நிமிடம் மூடி வைத்திருங்கள். கைச்சூட்டில் இளகினால் எண்ணெய்தான் குற்றவாளி. மண்ணெண்ணெயால் கழுவி, தையல் இயந்திர எண்ணெய் இரண்டு துளி விடுங்கள். இளகாவிட்டால் அச்சு வளைந்திருக்கலாம். அதை லேத்தில் பார்க்க வேண்டும்.

தேதி குத்தும் கருவியில் எழுத்துச் சக்கரங்களுக்குள் கம்பி பிரஷ்ஷை நுழைக்காதீர்கள். மூங்கில் குச்சியும் ஸ்பிரிட்டும் போதும்; காய்ந்த மை உதிர்ந்தாலே பாதி இறுக்கம் போய்விடும்.

## மணி அடிக்கவில்லை, ஊசி அசையவில்லை

டோக்கன் கருவி, பிளாக் கருவி (ஒரு தடப்பகுதியில் ரயில் இருக்கிறதா என்று பக்கத்து நிலையங்கள் ஒன்றுக்கொன்று காட்டிக்கொள்வது), தந்திச் சாவி ஆகியவற்றுக்குள் துரு என்பது கடைசிக் கவலை. முதலில் எல்லா இணைப்பையும் துண்டித்து, பேட்டரிப் பெட்டி காலியாக இருப்பதை உறுதி செய்யுங்கள். பழைய பேட்டரியின் வெண்மையான உப்பு படிந்திருந்தால் கையுறையோடு ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பிறகு தொடுமுனைகள். வெள்ளியிலோ பிளாட்டினத்திலோ செய்த சிறு பொட்டுகள் அவை. கறுத்திருந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த வெறும் காகிதக் கீற்றை இடையில் வைத்து மெல்ல அழுத்தி இழுத்தாலே போதும். எமரித்தாள் ஒரே இழுப்பில் பொட்டை முடித்துவிடும்.

காயிலை மல்டிமீட்டரில் பாருங்கள். மின்தடை கருவிக்குக் கருவி மாறும், ஆனால் முடிவிலி காட்டினால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. பெரும்பாலும் முனையில், பச்சைக் களிம்பு பிடித்த இடத்தில். பருத்தி நூலோ பட்டு நூலோ சுற்றிய கம்பியில் தெளிப்பு எண்ணெய் பட்டால் நூல் அதை உறிஞ்சி, தூசியைப் பிடித்து, காப்பே கெட்டுப்போகும். துணியில் தொட்டுத் துடைப்பதுகூட வேண்டாம், மென்மயிர்த் தூரிகையால் தூசு தட்டுவதோடு நிறுத்துங்கள். காப்பின் மின்தடையை அளக்கும் 500 வோல்ட் மெகர் கருவியை இதன்மேல் வைத்துச் சோதிக்கச் சொல்லும் மின்பணியாளரை நயமாகத் தடுத்துவிடுங்கள். இறந்துகொண்டிருக்கும் காப்புக்கு அது இறுதி அடி.

இரும்புக் கம்பளியை இந்தக் கருவியின் அருகே கொண்டுவரவே கூடாது. ஒரு முறை தேய்த்தாலே மயிரிழைத் துண்டுகள் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஊசி அந்த மயிரில் மாட்டி நிற்கும், அதை எடுக்க எனக்கு ஒரு முறை ஒட்டுநாடாவோடு இரண்டு நாள் ஆயிற்று. காந்தத்தைக் கழற்றவோ, தட்டவோ, சூடாக்கவோ கூடாது. பழைய எஃகுக் காந்தம் அதிர்ச்சியில் பலமிழக்கும்.

ஒற்றைத் தடங்களில் பயன்பட்ட நீல் வகை டோக்கன் கருவியில் அனுமதிச் சின்னமாக வரும் எஃகுப் பந்துகளில், எந்தப் பகுதிக்கு உரியது என்ற எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கும். பந்தின் துருவை எண்ணெய்த் துணியால் மட்டும் துடையுங்கள். பந்து மினுங்கி எழுத்து மறைந்தால் அது வெறும் இரும்புக் குண்டு.

எந்தப் பூட்டுப் பொறியும் அரைகுறையாக நகர்ந்து நின்றால் வலிந்து திருப்பாதீர்கள். முறையான வரிசையில் அல்லாமல் திறக்காதபடிதான் அது செய்யப்பட்டிருக்கிறது. ஓய்வு பெற்ற சிக்னல் பராமரிப்பாளர் ஒருவரைத் தேடிப் பிடிப்பதே இங்கே தொழிலரை அழைப்பது.

## அழுத்தமானி, நிலையக் கடிகாரம்

இவற்றுக்குக் கண்ணாடியையும் வெளி வளையத்தையும் துடைப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. அழுத்தமானிக்குள் வளைந்த வெண்கலக் குழாய் ஒன்று இருக்கிறது. எண்ணெய் தெளித்தாலும், காற்று நிரப்பும் பம்பை வைத்துச் சோதித்தாலும் அதன் அளவு தவறிவிடும். கடிகாரத்தின் பெரிய வில் இறுகிய நிலையில் இருந்தால் அவிழ்க்கும் கையைக் கிழித்துவிடும். நேராகக் கடிகாரம் பழுது பார்ப்பவரிடம், சாவியோடு.

## பெயர்ப் பலகையின் ஓரத்தில் துரு, எழுத்து பெயர்கிறது

எனாமல் பலகை என்றால் அது இரும்பின் மேல் உருக்கிய கண்ணாடிப் பூச்சு. அமிலம் எதுவானாலும் அதன் மினுமினுப்பை மங்கவைக்கும், வளைத்தால் சிதறும். உடைந்த விளிம்பில் தெரியும் துருவுக்கு மட்டும் டானிக் அமிலத்தை மெல்லிய தூரிகையால் தொட்டு, காய்ந்ததும் மெழுகு பூசி விடுங்கள். ஆணித் துளையைச் சுற்றிப் பெயர்ந்திருந்தால், மாட்டும்போது இரும்பு வாஷருக்கு அடியில் தோல் வாஷர் போடுங்கள். வண்ணம் தீட்டிய பலகையில் எழுத்து செதிலாக எழும்பியிருந்தால் துடைக்காதீர்கள். ஓவியப் பாதுகாப்பாளர் வரும்வரை தட்டையாகப் படுக்கவைத்து மூடி வையுங்கள்.

## எல்லாம் செய்தும், ஆண்டுதோறும் அதே இடத்தில் துரு

பொருளின் எந்தப் பக்கம் என்று குறித்து வையுங்கள். சுவரைப் பார்த்த பக்கம் என்றால் சுவர் ஈரம். அடிப்பக்கம் என்றால் அடியில் விரித்த கம்பளித் துணி. அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வெளிச்சம் படும் பக்கம் என்றால் ஜன்னல் வழியே மூடுபனி. கை படும் இடம் என்றால் வியர்வை உப்பு. வருகிறவர்கள் தூக்கிப் பார்க்கத்தான் செய்வார்கள், பருத்திக் கையுறை ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள்.

பூச்சு எது என்பதும் கேள்வி. கோத்தகிரிப் பக்கம் நல்ல தேன்மெழுகு கிடைக்கிறது, மணமாகவும் இருக்கும், ஆனால் அதில் இயல்பாகவே சிறிது அமிலம் உண்டு. நீண்ட கால இருப்புக்கு நுண்படிக மெழுகே மேல். சுழலும் பாகத்துக்கு மெழுகு கூடாது, எண்ணெய்தான்.

ஈரமானி ஒன்றை அலமாரிக்குள் வையுங்கள். உட்காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் துரு ஏறக்குறைய உறங்கும். 60-ஐத் தாண்டி நின்றால் விழித்துவிடும். கண்ணாடிக் கதவுள்ள அலமாரியில் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, நிறம் மாறியதும் அடுப்பில் உலர்த்தித் திரும்ப வைக்கலாம். புதிதாகச் செய்த மர அலமாரியாக இருந்தால் ஈய முத்திரைகளைத் தனிப் பெட்டியில் வையுங்கள். மரத்திலிருந்து கசியும் காடி ஆவி ஈயத்தை வெண்பொடியாக்கிவிடும்.

குளிர்ந்த பொருளைச் சூடான அறைக்குள் நேரே கொண்டுவருவது இந்த மலையில் அடிக்கடி நடக்கும் பிழை. வெளியே இரவெல்லாம் குளிர்ந்த இரும்பைச் சமையலறைக்குக் கொண்டுவந்தால் இரண்டே நிமிடத்தில் அதன்மேல் பனித்துளி பூக்கும். துணியில் சுற்றி, நடையில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு உள்ளே கொண்டுவாருங்கள்.

என் அலமாரியிலேயே நான்கு ஆண்டுகள் ஒரு பாயிண்ட் பூட்டின் (தடம் மாற்றும் இடத்தில் போடும் பூட்டு) இடப்பக்கம் மட்டும் துருப்பிடித்துக்கொண்டிருந்தது. மூன்று முறை துடைத்து மெழுகிட்டேன். பிறகு ஒரு ஆடி மாதத்தில் அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்தபோது, பின்பலகை உள்ளங்கையில் குளிர்ந்து ஈரமாக ஒட்டியது. மறுபுறம் கூரைத் தண்ணீர்க் குழாய். அலமாரி இப்போது எதிர்ச் சுவரில் இருக்கிறது.